திருவிழாப் பெட்டிகள் வீட்டுக்கு வந்த கதை

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளும் வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகச் செய்தவை அல்ல. இடுப்பு உயரம் இருக்கும். கறுப்புக் கார்பட் ஒட்டிய பலகை, மூலைகளில் இரும்புக் காப்பு, முன்னால் இரும்பு வலை, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. வலைக்குப் பின்னால் பதினைந்து அங்குலக் கோன் ஒன்று, அதற்கு மேலே ஒரு ஹோர்ன். கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மியூசிக்கல் ஷோவிலும் மேடைக்கு இரு பக்கமும் நிற்குமே, அதே ஜாதிதான். புதிதாக வருகிறவர்கள், "அண்ணே, இன்னும் சவுண்ட் வேலைக்குப் போறீங்களா?" என்பார்கள். பாட்டுக் கேட்க வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உடனே அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்ப்பார்கள். இன்னும் பிய்த்துக்கொண்டு போகவில்லையே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

நான் பிறந்தது எஹலியகொடைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில். கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டி இரத்தினபுரிக்குப் போகிற ஏ-4 வீதியில் இருக்கிறது எஹலியகொட டவுன். வீதியை விட்டு மேலே ஏறினால் ரப்பர், கீழே இறங்கினால் வயலும் மாணிக்கக் குழிகளும். மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது விடும் என்றுதான் கேட்பார்கள். அம்மா பால் வெட்டினார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மரம் மரமாகச் சிரட்டை கவிழ்த்து, வாளியோடு ஸ்டோருக்கு வந்து சேர உச்சி வெயில் ஆகிவிடும். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வெட்ட முடியாது, பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் லயத்தில் ரேடியோ கூடுதலாகப் பாடும்.

எல்லாக் காம்பராவிலும் ரேடியோ இருக்கவில்லை. இருந்த ஒன்றிரண்டும் பேட்டரியில் ஓடியவை, ஏனென்றால் லயத்துக்கு அப்போது கரண்ட் கிடையாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. என் சின்ன வயதில் அது உச்சத்தில் இருந்தது. அறிவிப்பாளர் மயில்வாகனனைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கே.எஸ்.ராஜாவையும் ராஜேஸ்வரி சண்முகத்தையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் நானே கேட்டேன். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி தொடங்கினால் ரேடியோ வைத்திருக்கிறவர் கதவைத் திறந்து வைப்பார். பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பு மூட்டும்.

வருடத்தில் ஒரு முறை இதைவிடப் பெரிய சத்தம் தோட்டத்துக்கு வரும். மாரியம்மன் திருவிழாவுக்கு டவுனிலிருந்து ஸ்பீக்கர்காரர் வருவார். ஓர் அம்ப்ளிபையர், ரெக்கோட் பெட்டி, கார் பேட்டரிகள், சாக்கில் சுற்றிய இரண்டு ஹோர்ன்கள். லொறி மேலே ஏறாது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலிருந்து தலைச்சுமையாகத்தான் எல்லாம் வரும், தூக்குவதற்குச் சிறுவர்கள் நாங்கள் அடித்துக்கொள்வோம். ஹோர்னைக் கோயில் மரத்தில் ஏறிக் கட்டுவார்கள். ஒன்று மேட்டு லயத்தைப் பார்க்கும், மற்றது பள்ளத்து லயத்தை. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு முதலில் வரும், அடுத்து டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. பால்காட்டில் நிற்கிற அம்மாவுக்கு அதைக் கேட்டே கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த ஹோர்ன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிற்பாடு தொழிலுக்குப் போன பிறகே விளங்கிக்கொண்டேன். உள்ளே கையகலம்கூட இல்லாத ஒரு டயபிரம்தான் அதிர்கிறது. அது எழுப்புகிற அமுக்கம் சின்னத் துவாரத்தின் வழியே வெளிப்பட்டு, மடித்து வைத்த குழாயில் போய்த் திரும்பி, மெல்ல மெல்ல விரிந்து வாய்க்கு வருகிறது. சின்ன டயபிரம் நேரே காற்றைத் தள்ளினால் பெரும்பகுதி சக்தி வீணாகும், ஹோர்ன் அந்த விரயத்தைக் குறைக்கிறது. அம்ப்ளிபையரிலிருந்து மரத்துக்குப் போன வயர் நூல் மாதிரி மெல்லியது. அவ்வளவு தூரத்துக்கு அது எப்படித் தாங்கியது என்றால், நூறு வோல்ட் லைன் முறை. அம்ப்ளிபையர் பக்கத்து டிரான்ஸ்போமர் வோல்டை ஏற்றி அனுப்பும், ஹோர்னோடு இருக்கும் சின்ன டிரான்ஸ்போமர் இறக்கிக்கொள்ளும். கரண்ட் குறைவாக ஓடுவதால் வயரில் இழப்பும் குறைவு. மின்சார சபை ஊருக்கு ஊர் கரண்ட் அனுப்புவதும் இதே கணக்கில்தான்.

அந்த ஹோர்னில் பேஸ் கிடையாது. சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதற்கு ஒன்றும் வராது, மேலே 6,000, 7,000 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். மத்திய அலை ரேடியோவும் உச்சத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே எங்கள் தலைமுறை ரேடியோவிலும் கோயில் மரத்திலும் கேட்ட பாட்டு ஒரே அளவுக்கு வெட்டப்பட்ட பாட்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் என்று ஒன்று இருப்பது எங்களுக்குக் கண்ணால்தான் தெரியும், காதால் தெரியாது. குரல் மட்டும் மலை தாண்டிப் போகும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை. ஹோர்ன் தன் பலத்தை எல்லாம் அங்கேயே கொட்டுகிறது.

அந்தச் சத்தம் ஒரு காலத்தில் நின்றும் போனது. 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் 1983 ஜூலையிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழ் ஆட்கள் தாக்கப்பட்டார்கள், லயங்கள் எரிந்தன. தெரிந்த குடும்பங்கள் சில வவுனியாப் பக்கம் போயின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் இருந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் சாமி கும்பிட்டோம், ஆனால் மரத்தில் ஸ்பீக்கர் கட்டவில்லை. தப்பைக்கூட மெல்ல அடித்தார்கள். வருடத்தில் ஒரு நாளாவது தோட்டத்தின் சத்தம் டவுன் வரைக்கும் கேட்டது என்றால் அது அந்த ஹோர்னால்தான் என்பது, அது இல்லாதபோது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மீண்டும் கட்டிய வருடம் பெரியவர்கள் முதலில் போய்க் கேட்டது பொலிஸில் அனுமதி, இரண்டாவது கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் ஒரு வார்த்தை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் டவுனில் ஒரு சவுண்ட் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் சிங்களவர். என்னை 'மல்லி' (தம்பி) என்பார், நான் 'முதலாளி' என்பேன். வெசாக் தோரணம், பெரஹெர, கலியாணம், தேர்தல் கூட்டம், தோட்டத்துத் தேர், எல்லாவற்றுக்கும் போனோம். முதலில் ஹோர்ன்கள், பிறகு பெட்டிகள், பிறகு மேடைக்கு மேடை உயர்ந்துகொண்டே போன வாட்டுகள். கையால் பிடித்துப் பார்த்தே ஒரு ஸ்பீக்கரின் நோயைச் சொல்ல அவரிடம் கற்றுக்கொண்டேன். கோனின் இரண்டு பக்கமும் பெருவிரல்களை வைத்து மெல்ல உள்ளே தள்ள வேண்டும். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. கரகர என்று உரசினால் உள்ளே உள்ள கம்பிச் சுருளான கொயில் வெந்து வீங்கிவிட்டது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் எரிந்த வார்னிஷ் மணமும் வரும்.

இன்னொன்று டோர்ச் பேட்டரி. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டு எடுத்தால், பிளஸ் பிளஸோடு சேர்ந்திருக்கும்போது கோன் வெளியே துள்ளும். மாறியிருந்தால் உள்ளே போகும். இரண்டு பெட்டிகளில் ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் மேடை நடுவில் பேஸ் காணாமல் போய்விடும், ஏனென்றால் ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் முன் முதலாளி இதைப் பார்க்கச் சொல்வார். வீட்டில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறவர்களும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். 'பேஸ் இல்லாத செட்' என்று மூலையில் போட்ட எத்தனையோ செட்டுகளுக்கு வயரை மாற்றிச் செருகியதே வைத்தியமாக இருந்திருக்கிறது.

பெட்டிகள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் ரசனை அல்ல, நாட்டின் நிலைமை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வருட வெசாக் தோரணங்கள் அநேகமாக இல்லாமல் போயின. அடுத்த வருடம் மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. 2020 கடைசியில் எஹலியகொட பொலிஸ் பிரிவுக்கும் தனியாகத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தது. திருவிழா இல்லை, கலியாணம் இல்லை, கூட்டம் கூடுவதே குற்றம். வாடகைச் சாமான் வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார்கள். 2022 வந்தது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. முதலாளி கடையை மூடினார். எனக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கிக்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். நான் எடுத்தது இந்த இரண்டு பீவி பெட்டிகள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஹார்ட்லி பீவி 1965இல் தொடங்கிய கம்பெனியின் சாமான். பழசு, ஆனால் இரண்டின் கொயிலும் உரசவில்லை.

விற்கத்தான் நினைத்திருந்தேன். விலைக்குக் கேட்க ஆள் வரும் வரைக்கும் முன்னறையில் நிற்கட்டும் என்று வைத்தேன். ஒரு மழை நாளில் சும்மா இருக்கிறதே என்று வயரைக் கொடுத்துப் பாட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டும் விற்கவில்லை.

முதலில் செய்த வேலை மேடை அம்ப்ளிபையரைக் கழற்றியது. அதன் விசிறி விமானம் ஏறுகிற சத்தம் போடும், மைதானத்தில் அது யாருக்கும் கேட்காது, பன்னிரண்டடி அறையில் பாட்டையே மூடிவிடும். பதிலுக்கு, பழைய சாமான் கடையில் வாங்கிய இருபது வாட் ஜப்பான் ஸ்டீரியோ ஒன்றைக் கொடுத்தேன். "நானூறு வாட் பெட்டிக்கு இருபது வாட்டா?" என்று கூடத் தொழில் செய்தவர்களே சிரித்தார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் அது தாங்கக்கூடிய அளவு, அதற்குத் தேவையான அளவல்ல. எட்டு ஓம் பெட்டி என்றால் வீட்டு அம்ப்ளிபையருக்கும் அதே எட்டு ஓம்தான்.

பார்க்க வேண்டிய கணக்கு வேறு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் ஒரு ஸ்பீக்கரின் திறன். கடையில் விற்கிற வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 86, 87 டெசிபல் தரும். பதினைந்து அங்குல மேடைப் பெட்டி 97 அளவுக்குத் தரும். பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட். ஆக, வீட்டுப் பெட்டி ஒரு வாட்டில் போடுகிற சத்தத்தை இது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கிலேயே போட்டுவிடும். அம்மா தூங்கும்போது நான் கேட்கிற அளவுக்கு அதைவிடக் குறைவே போதும்.

'அப்படியானால் சத்தம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதானே' என்பார்கள். கேட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. பாட்டில் சத்தம் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தவில்காரர் குச்சியால் ஓங்கி அடிக்கிற கணத்தில் அது சராசரியைவிட இருபது டெசிபல் ஏறலாம், அதாவது நூறு மடங்கு வாட். வீட்டுப் பெட்டியில் சராசரிக்கு ஒரு வாட் ஓடினால் அந்த அடிக்கு நூறு வாட் வேண்டும். சின்ன அம்ப்ளிபையர் அங்கே தலை வெட்டிவிடும், கொயில் சூடேறி இன்னும் கொஞ்சம் அமுக்கிவிடும். அடி விழும், ஆனால் அதன் முனை மழுங்கியிருக்கும். மேடைப் பெட்டிக்கு அதே அடிக்குப் பத்து வாட் போதும். ஒரு கூட்டத்துக்கே பாடச் செய்த கொயிலுக்குப் பத்து வாட் தெரியவே தெரியாது. முதல் மழை நாளில் நான் கேட்டது அந்த முனையைத்தான். அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரமும் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவிலும். சத்தம் என்னவோ பேச்சுச் சத்தம்தான். ஆனால் குச்சி தோலில் படுகிற இடமும், விரல்க்கூடு மறுபக்கத்தில் பதில் சொல்கிற இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. எத்தனையோ கோயிலில் எத்தனையோ தவில்களுக்கு மைக் பிடித்தவன் நான், மேடைக்குப் பின்னால் நின்று ஒரு தரமாவது இப்படிக் கேட்டதில்லை.

பிறகு அம்மாவுக்கு டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாட்டைப் போட்டேன். முழுசும் கேட்டுவிட்டு, "கோயில்ல கேட்ட மாதிரியே இருக்கு. ஆனா காதுல குத்தல" என்றார். ஹோர்ன் பாட்டையே கேட்டு வளர்ந்த காதுக்கு ஹோர்னின் நேரடிப் பேச்சு பழக்கம். சின்னப் பெட்டிகளின் மெல்லிய டோம் ட்விட்டரில் அவருக்குக் குரல் 'தூரத்துல' கேட்கும், இதில் குரல் முன்னால் வந்து நிற்கிறது. கூடவே, கோயில் மரம் ஒருநாளும் தராத தபேலாவின் டக்காவும் வருகிறது. "இந்தப் பாட்டுல இதெல்லாம் இருந்திச்சா?" என்று கேட்டார்.

குறைகளும் உண்டு. மேடைப் பெட்டி திறன் கூடியதாக இருப்பதால் அம்ப்ளிபையரின் உள் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும். பாட்டு நின்றதும் ஹோர்னிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இதற்கு மருந்து, வொல்யூம் குமிழைப் பாதிக்கு மேலே திருகி வைத்துப் பயன்படுத்தும்படி சத்தத்தை வெளியே தணிப்பது. ஹோர்னுக்கு முன்னால், அதன் சத்தத்தைக் குறைக்கும் எல்-பேட் ஒன்றைப் போட்டேன். டிவியையும் சேர்த்து இணைத்தபோது 'ம்ம்ம்' என்று கரண்ட் முனகியது. இரண்டு வெவ்வேறு பிளக்கில் இரண்டு வெவ்வேறு எர்த் ஓடினால் அப்படித்தான் வரும், எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவந்ததும் நின்றது.

அடுத்தது பேஸ். இவ்வளவு பெரிய கோன் இருந்தும் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே இது இறங்குவதில்லை. மேடைப் பெட்டியை அடி ஆழத்துக்காகச் செய்வதில்லை, தூரத்துக்காகச் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தர இதைவிட மிகப் பெரிய பெட்டி வேண்டும். பழைய பாட்டுகளுக்கு அது பெரிய குறையில்லை, அந்தக் கால ஒலிப்பதிவில் அதற்குக் கீழே அதிகம் கிடையாது. இந்தக் காலத்துப் படப் பாட்டுகளில் அடியில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். பெட்டிகளை மூலைச் சுவருக்குத் தள்ளியதும் கொஞ்சம் கூடியது. அதோடு மேல் தகரத்தில் ஒரு ஆணியும் பாடத் தொடங்கியது. ஏறி அதை இறுக்கிவிட்டேன்.

தூரமும் முக்கியம். கோனும் ஹோர்னும் ஓரடிக்கு மேல் பிரிந்து இருப்பதால் கிட்டே உட்கார்ந்தால் குரல் மேலேயும் கடம் கீழேயுமாகப் பிரிந்து கேட்கும். எதிர்ச்சுவரோடு நாற்காலியைப் போட்டு, ஹோர்ன் காதின் உயரத்துக்கு வரும்படி பெட்டியைப் பலகைமேல் ஏற்றிய பிறகு இரண்டும் ஒன்றாயின. ஹோர்ன் சத்தத்தை நேரே அனுப்புவதால் பக்கச் சுவரில் பட்டுத் திரும்புவது குறைவு. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையுமான எங்கள் அறைக்கு இது பெரிய உதவி.

மேடைப் பெட்டியை வீட்டில் வைத்துக் கேட்பது நான் கண்டுபிடித்த புதுமை என்று சொல்ல வரவில்லை. ஆல்டெக் லான்சிங் 1945இல் சினிமாக் கொட்டகைத் திரைக்குப் பின்னால் வைக்கவென்று 'வொய்ஸ் ஒஃப் த தியேட்டர்' வரிசையைச் செய்தது. பின்னால் கொட்டகைகள் அவற்றைக் கழித்தபோது ரசிகர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஜப்பானில் 'ஜாஸ் கிஸ்ஸா' என்ற காப்பிக் கடைகளில் ஆளுயர ஆல்டெக், ஜேபிஎல் பெட்டிகளுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1946இல் கம்பெனி தொடங்கி விற்ற ஹோர்ன் பெட்டி அறையின் மூலையிலேயே நிற்க வேண்டும், அந்த மூலைச் சுவர்களே அதன் பேஸ் ஹோர்னின் மிச்சப் பாகம். எதிர்ப்பக்கமாகப் போனவையும் உண்டு. யமஹா 1978இல் வீட்டுக்கென்று விட்ட என்எஸ்-10 வீட்டில் எடுபடவில்லை, ஆனால் உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸர் மேசைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. எது வீட்டுச் சாமான், எது தொழில் சாமான் என்பதைப் பெட்டியின் மேல் ஒட்டிய கடதாசி முடிவு செய்வதில்லை.

எங்கள் ஊருக்கென்று சில தொல்லைகளும் இருக்கின்றன. இந்த ஈரத்தில் கடதாசிக் கோன் பூஞ்சணம் பிடிக்கும். மாசக்கணக்காக மழை விடாதபோது வலையைக் கழற்றிப் பார்த்தால் கோனின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. ஈரத்துணி படக்கூடாது, மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தட்டிவிட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் பாடவிடுவதுதான் இதற்கு நல்ல மருந்து, அசைகிற கோனில் பூஞ்சணம் அவ்வளவாக ஏறாது. காற்றுத் துவாரம் வழியே பல்லி உள்ளே போய் முட்டை வைக்கும், எறும்பு வரும், நுளம்பு வலையை வெட்டி உள்ளே ஒட்டியிருக்கிறேன். ஏப்ரல் மாதமும் ஐப்பசி, கார்த்திகையும் இடி மின்னல் காலம். பின்னேரம் மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும், டிவி அன்டனா வயரையும் சேர்த்து. பெருமழை தகரத்தில் விழும்போது எந்த ஸ்பீக்கரும் தோற்றுப்போகும். அப்போது வொல்யூமைக் கூட்டாமல் அணைத்துவிடுகிறேன்.

சத்தத்தைக் குறைவாக வைப்பதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. கடையை மூடிய பிறகு முதலாளி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தன் பெட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆசை. தேநீர் கொடுத்து, அவருக்குப் பிடித்த சிங்களப் பாடகர் அமரதேவவின் பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டிரெபிள் மதி, மல்லி" என்றார். டிரெபிள் போதாதாம். கூட்டினேன். இன்னும் என்றார். ஹோர்னைத் தணித்திருந்த எல்-பேட்டையும் முழுக்கத் திறந்துவிட்டேன். எனக்கும் உள்ளேயிருந்த அம்மாவுக்கும் 'ஸ' வருகிற இடமெல்லாம் ஊசியாகக் குத்தியது. அவர் தலையாட்டி, "இப்போது சரி" என்றார்.

மேடைப் பக்கத்தில் வாழ்ந்த காது அது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். நாங்கள் அந்தச் சத்தத்தில் விடிய விடிய நின்றோம், காதில் பஞ்சுகூட இல்லாமல். முதலில் போவது மேல் சுரங்களைக் கேட்கும் திறன். அது போனது தனக்குத் தெரியாமல் ஒலியமைப்பாளர் டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார், கூட்டம் காதைப் பொத்தும். நம் கலியாண வீடுகளில் பேச்சுக் கேட்க முடியாதபடி ஸ்பீக்கர் அலறுவதற்கு வாட் ஒரு காரணம் என்றால் அதை இயக்குகிறவர்களின் காது இன்னொரு காரணம். என் இடது காதிலும் இராத்திரியில் மெல்லிய மணிச் சத்தம் ஒன்று உண்டு.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அம்மா. ஆரம்பத்தில் ஒரு பின்னேரம் வேலியருகே வந்து, "டிக்கக் அடு கரன்ன, மல்லி" என்றார். கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். குறைத்தேன், குறைத்த பிறகே நன்றாகவும் இருந்தது. இந்த நாட்டில் ஒலி மாசுக்கு 1996இலேயே தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் வந்தன. 2007 நவம்பரில் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் உயர்நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. கோயிலுக்கும் பன்சலைக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே சட்டம். வீட்டுக்குள்ளே கேட்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, அதற்காக வேலி என்று ஒன்று இல்லாமல் போய்விடாது. பேஸுக்கு வேலி தெரியாது, சுவர் தாண்டி முதலில் போவது அதுதான். ஆகவே இரவு எட்டு மணிக்குப் பிறகு பேஸ் குமிழையும் இறக்கிவிடுவேன்.

இப்போது டவுனிலும் இரத்தினபுரியிலும் பழைய மேடைப் பெட்டிகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. புதுசாக வருகிறவை பிளாஸ்டிக் கூட்டில், உள்ளேயே அம்ப்ளிபையரோடு வருகின்றன. பழைய பலகைப் பெட்டிகளுக்கு வாடகைச் சந்தையில் மதிப்பில்லை. வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். வாட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். வாங்கும் முன் கோனை இரு விரலால் தள்ளிப் பாருங்கள், ஹோர்னிலும் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். டயபிரம் மட்டும் போயிருந்தால் தனியாக வாங்கி மாற்றலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். விசிறி வைத்த அம்ப்ளிபையர் வேண்டாம், இருபது வாட் நல்ல ஸ்டீரியோ போதும். பெட்டியிலிருந்து எட்டு, பத்தடி தள்ளி உட்கார இடமில்லாதவர்கள் சின்னப் பெட்டியே வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. அதிர்கிற பேஸ் வேண்டும் என்கிறவர்களுக்கும் இது சரிவராது.

எல்லாம் சரி என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கிய பிறகு குமிழைத் திருகப் போகும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தப் பெட்டி ஊருக்கே பாடச் செய்தது, நீங்கள் இருப்பது ஓர் அறையில். அதன் அருமை மெதுவாகப் பாடும்போதுதான் தெரியும்.